வென்றவர் யார்? வரலாற்று வகுப்பைக் கேள்வியோடு தொடங்கும் முறை

வரலாற்றை ஆண்டுகளின் அட்டவணையாக ஒப்பிக்கவைத்தால், தேர்வு முடிந்த மறுவாரமே மாணவர் அதை மறந்துவிடுகிறார். அதே பாடத்தைக் கேள்வியோடு தொடங்கினால், யார் சொல்வதை எந்த அளவுக்கு நம்பலாம் என்று எடைபோடும் பழக்கம் அவரிடம் படிகிறது. ஆகவே ஆசிரியர் பாடக்குறிப்பு எழுதும்போது, அலகுக்கு ஒரு கேள்வியை முதலில் முடிவுசெய்துகொள்ள வேண்டும். இன்றைய சிரியாவில் இருந்த காதேசு நகரருகே பண்டைய எகிப்தியர் நடத்திய காதேசுப் போர் எப்போது நடந்தது என்பது ஒரே வரியில் முடிந்துவிடும். அதில் வென்றவர் யார் என்பது பாடவேளை முழுவதையும் எடுத்துக்கொள்ளும்.

அந்தப் போரையே எடுத்துக்கொள்வோம். கி.மு. 1274 அளவில், இன்றைய துருக்கிப் பகுதியை ஆண்ட ஹிட்டைட்டுகளோடு மோதிய எகிப்திய மன்னர் இரண்டாம் ராம்சேஸ், தாம் தனியொருவராக நின்று பகைவரை முறியடித்ததாகக் கோயில் சுவர்களில் பொறித்துவைத்தார். இப்பொறிப்பிலிருந்து பத்து வரிகளை மட்டும், அருஞ்சொற்பொருளோடு, முதலில் கொடுத்து மாணவர்களின் தீர்ப்பை எழுதி வாங்குங்கள். போருக்குப் பின்னும் காதேசு ஹிட்டைட்டுகள் வசமே இருந்தது என்ற செய்தியை அதன் பிறகே சொல்லுங்கள். எழுதியதை அடித்துத் திருத்தும் அந்தச் சில நிமிடங்களில் குறுக்கே பேசாதீர்கள். ஆசிரியருக்கு இதுவே மிகக் கடினமான பயிற்சி என்பேன். அடுத்து, ஏறத்தாழ 15 ஆண்டுகள் கழித்து இரு நாடுகளும் செய்துகொண்ட அமைதி உடன்படிக்கையைக் காட்டலாம்: எகிப்தியப் படியும் ஹிட்டைட்டுப் படியும் அமைதியை நாடி வந்தது எதிர்த்தரப்பே என்கின்றன. இதைப் பொய் என்று ஒதுக்கிவிடாமல், யார் படிப்பதற்காக இவ்வாறு எழுதப்பட்டது என்று கேட்க வேண்டும்.

ஆண்டுகளைக் கைவிடச் சொல்லவில்லை. முன்பின் தெரியாமல் காரணகாரியம் பேச முடியாது என்பதால், அலகுக்கு ஐந்தாறு ஆண்டுகளைக் கரும்பலகையின் ஓரத்தில் காலக்கோடாக வரைந்து, அலகு முடியும் வரை அழிக்காமல் வைத்திருங்கள்.

படுகொலை, அடிமைமுறை போன்றவற்றைக் கற்பிக்கையில் மாணவர்களைக் கொன்றவராகவும் கொல்லப்பட்டவராகவும் நடிக்கவைப்பதைத் தவிர்க்க வேண்டும். பாதிக்கப்பட்டவர்களின் வாக்குமூலத்தை நிதானமாக வாசிப்பதே போதும்.

தேர்விலும் இதே முறை வேண்டும். வகுப்பில் காட்டாத சிறு ஆவணம் ஒன்றைக் கொடுத்து, இது சொல்லப்படும் காலத்தைச் சேர்ந்ததுதானா என்று கேளுங்கள். 1440-இல் இத்தாலிய அறிஞர் லோரென்சோ வல்லா, நான்காம் நூற்றாண்டு ரோமானியப் பேரரசர் கான்ஸ்டன்டைன் போப்புக்கு ஆட்சியுரிமை வழங்கியதாகச் சொல்லும் 'கான்ஸ்டன்டைனின் கொடை' என்ற ஆவணம் போலி என்று நிறுவியபோது, கான்ஸ்டன்டைன் காலத்து ரோமானிய வழக்குக்குப் பொருந்தாத 'சத்ரப்' (பாரசீக மாகாண ஆளுநர்) என்ற சொல்லையும் ஒரு சான்றாகக் காட்டினார். மாணவர் அப்படி ஒரு சொல்லைச் சுட்டிக்காட்டிக் காரணமும் எழுதினால், அவருடைய முடிவு தவறாக இருந்தாலும் பாதிக்கு மேல் மதிப்பெண் கொடுங்கள்.