ஒரு டீ-ஷர்ட்டுக்கு எத்தனை கிராம் உப்பு? ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு சாயப்பட்டறை கணக்கு போடுறது இப்படித்தான்

ஃபைனல் இயர்ல சுற்றுச்சூழல் பாதிப்புன்னு ப்ராஜெக்ட் எடுக்குற பசங்க முக்கால்வாசி பேர் பண்ற தப்ப நானும் பண்ணேன். தலைப்பையே "திருப்பூர் ஜவுளித் தொழிலும் சுற்றுச்சூழலும்"னு ஊரளவுக்கு வச்சிட்டு ரெண்டு மாசம் பேப்பரா டவுன்லோட் பண்ணி அடுக்கி கடைசில நொய்யல் ஆறு பாழாப்போச்சுங்கறதத் தவிர சொல்றதுக்கு ஒண்ணுமில்லாம கைட் முன்னாடி முழிச்சிட்டு நின்னேன். நீங்க அப்படி நிக்க வேணாம்.

முதல்ல தலைப்ப சுருக்குங்க. "சாயம் போட்ட 1 கிலோ காட்டன் பனியன் துணி", இவ்வளவுதான். எல்சிஏ (ஒரு பொருளோட வாழ்நாள் முழுக்க ஆகுற சுற்றுச்சூழல் பாதிப்பக் கணக்குப் போடுற முறை) பாஷைல இதுக்குப் பேரு ஃபங்ஷனல் யூனிட், அதாவது எதுக்குக் கணக்குப் போடுறோமோ அந்த அளவு, ஐஎஸ்ஓ 14040, 14044 தரநிலைகள் ரெண்டும் இத முடிவு பண்ணாம உள்ளயே விடாது. அடுத்து எல்லை. சாயம் போடாத துணி பட்டறைக்குள்ள வர்றதுல ஆரம்பிச்சு, சாயம் போட்டு காஞ்சு வெளிய போறது வரைக்கும், கூடவே கழிவுநீர் சுத்திகரிப்பும். அதுக்கு வெளிய எதுவும் வேணாம். ஒரு டீ-ஷர்ட்டுக்கு 2,700 லிட்டர் தண்ணின்னு எல்லா பிபிடிலயும் ஒரு நம்பர் வருமே, அதுல பெரும்பங்கு பருத்திக்காட்டுக் கணக்கு, அத சாயப்பட்டறை தலைல கட்டுனீங்கன்னா வைவால மாட்டிக்குவீங்க.

இப்ப உப்பு. எல்லாரும் கலரத்தான் பாக்குறாங்க, ஆனா கலர ஓரளவு எடுத்துடலாம், உப்புதான் எடுக்க முடியாம படுத்துறது. பருத்திக்குப் போடுற ரியாக்டிவ் சாயம் துணில ஏற உப்பு வேணும், ஆனா அந்த உப்பு துணில ஒட்டாது, போட்டது அத்தனையும் தண்ணியோடவே வெளிய வந்துடும். ஒரு நடுத்தர ஷேடுக்கு லிட்டருக்கு 60 கிராம்னு வைங்க. மெஷின் லிக்கர் ரேஷியோ 1:6, அதாவது 1 கிலோ துணிக்கு 6 லிட்டர் பாத் (துணிய முக்கி எடுக்குற தண்ணி). 6 இன்ட்டு 60, 360 கிராம். அதே துணிய 1:10ல ஓடுற பழைய வின்ச் மெஷின்ல போட்டா 600 கிராம். 150 கிராம் டீ-ஷர்ட்டுக்குப் பாத்தா 54 கிராம், வின்ச்ல 90 கிராம். கறுப்பு, நேவின்னா இன்னும் ஏறும்.

இது சாய பாத் மட்டும். ப்ளீச்சிங், நியூட்ரலைஸ், சாயம், வாஷ், ஆசிட் வாஷ், சோப்பிங், மறுபடி ரெண்டு வாஷ், சாஃப்ட்னர்னு ஒம்போது பாத் ஓடுச்சுன்னா கிட்டத்தட்ட 55 லிட்டர் தண்ணி. அந்த 360 கிராம 55 லிட்டர்ல கலக்குங்க, லிட்டருக்கு 6,500 மில்லிகிராம் டிடிஎஸ் (தண்ணில கரைஞ்சிருக்குற உப்பு மாதிரி திடப்பொருள்) வருது. வெளிய விடலாம்ங்கற வரம்பு 2,100. மூணு மடங்கு. ஒரு கால்குலேட்டர், ஒரு பேப்பர், இவ்வளவு போதும் இதக் கண்டுபிடிக்க.

கணக்கு சரியான்னு பாக்க பட்டறைக்குப் போகணும். நான் முதல்ல போன எடத்துல ஓனர்கிட்ட "எவ்வளவு கழிவுநீர் வெளிய விடறீங்க"ன்னு நேராவே கேட்டுட்டேன், அவரு டீ வாங்கிக் குடுத்து ரொம்ப மரியாதையா "கெளம்புங்க தம்பி"ன்னுட்டாரு. தப்பு என்மேலதான். அப்படிக் கேக்கக் கூடாது. டையிங் மாஸ்டரப் பிடிங்க, "அண்ணா ஒரு லாட்டுக்கு எத்தனை மூட்டை உப்பு இறங்குது, எத்தனை கிலோ துணி"ன்னு கேளுங்க, அவரு தொழில் பெருமையோட அத்தனையும் சொல்லுவாரு. உப்பு வாங்குன பில், கரண்ட் பில், விறகு வண்டி கணக்கு, இந்த மூணும் போதும். உள்ள போன உப்பு இவ்வளவு, திரும்ப எடுத்த உப்பு இவ்வளவு, இடிக்குற மீதி எங்க போச்சுன்னு தேடுறதுதான் ஆராய்ச்சி.

காகித வேலையும் இருக்கு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பட்டறை நடத்தக் குடுக்குற கன்சென்ட் ஆர்டர்ல ஒரு நாளைக்கு எவ்வளவு கழிவுநீர் அனுமதின்னு இருக்கும், ஆர்டிஐல 10 ரூபாய் கட்டிக் கேக்கலாம், 30 நாள் டைம், அதனால ப்ராஜெக்ட் ஆரம்பிச்ச முதல் வாரமே போட்டுடுங்க. பொது சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 2006 இஐஏ (சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு) அறிவிக்கைப்படி அனுமதி வாங்குன ரிப்போர்ட்லாம் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தோட பரிவேஷ் தளத்துல தேடலாம். கம்பெனி வெப்சைட்ல இருக்குற பச்சை இலை போட்ட பிடிஎஃப கடைசில படிங்க, இல்ல படிக்காமலே விடுங்க.

இப்ப ரிப்போர்ட்ல யாரும் எழுதாத எடத்துக்கு வர்றேன். நொய்யல் ஆத்துக்குக் குறுக்க 1992ல பாசனத்துக்காக கட்டி முடிச்ச ஒரத்துப்பாளையம் அணை சாயத்தண்ணி தேங்குற தொட்டியாயிடுச்சு, கேஸ் மேல கேஸ் நடந்து 2011 ஜனவரில ஹைகோர்ட் சாயப்பட்டறைகள மூடச் சொல்லிருச்சு, சொட்டுத் தண்ணி வெளிய விடாம ஓட்ட முடிஞ்சாதான் திறக்கலாம்னு. நியாயந்தான். ஆனா இன்ஜினியரா யோசிங்க, அந்த உப்பு எங்க போகும்? 55 லிட்டர்ல 85% ஆர்ஓ ஃபில்டர்ல திரும்பக் கெடைச்சுதுன்னா மிச்சம் 8 லிட்டர் கடல்தண்ணி மாதிரி கரிக்குற ரிஜெக்ட். அதக் கொதிக்க வச்சுத்தான் உப்பெடுக்கணும். 1 லிட்டர் ஆவியாக 2,260 கிலோஜூல், 8 லிட்டருக்கு 18 மெகாஜூல். நாலு எஃபெக்ட் எவாப்பரேட்டர்ல, அதாவது நாலு கொதிகலத்த வரிசையா வச்ச மெஷின்ல, ஒண்ணோட ஆவி அடுத்தத சூடாக்குறதால ஏறக்குறைய கால்வாசி போதும், பாய்லர் நஷ்டத்தையும் சேத்தா 1 கிலோ துணிக்கு கிட்டத்தட்ட அரைக்கிலோ விறகு. ஆத்துல போனது இப்ப புகைபோக்கில போகுது, கொஞ்சம் கலப்பு உப்பா மூட்டைல கட்டி ஷெட்ல கெடக்குது. பம்பு, ஆர்ஓ கரண்டுக்கு யூனிட்டுக்கு 0.7 கிலோ கார்பன் டையாக்சைடுன்னு போட்டுக்குங்க, மத்திய மின்சார ஆணையத்தோட கணக்கும் அதுக்குப் பக்கத்துலதான் வரும்.

சாஃப்ட்வேர் பத்தி கவலப்படாதீங்க, ஓப்பன் எல்சிஏன்னு ஒண்ணு இருக்கு, ஃப்ரீ. ஆனா எக்செல்ல ஒரு தடவ கையால போட்டுட்டு அப்புறம் அதத் தொடுங்க, இல்லன்னா கலர் கலரா கிராஃப் வரும், எதுக்கு வந்துச்சுன்னு உங்களுக்கே தெரியாது.

டிசைன் சேப்டருக்கு சோலார் பேனல் படம் போட்டு முடிச்சிடாதீங்க. கொதிக்க வைக்க வேண்டிய தண்ணியையும் உப்பையும் முன்னாடியே எங்க கொறைக்கலாம்னு பாருங்க. லிக்கர் ரேஷியோவ எறக்குறது ஒண்ணு. ரிஜெக்ட ஆவியாக்காம தெளிய வச்சு உப்புக்கரைசலாவே அடுத்த சாய பாத்துக்கு திருப்புறது இன்னொண்ணு, விறகு அங்கயே மிச்சம். கோல்ட் பேட் பேட்ச்னு ஒரு முறை இருக்கு, சாயத்தையும் காரத்தையும் துணில பிழிஞ்சு ஏத்தி ரோல்ல சுத்தி அரை நாளுக்கு மேல சுத்த விட்டுடுவாங்க, உப்பே வேணாம். ஆனா துணிய விரிச்சு ஓட்டணும், மெஷின் வெல அதிகம், 50 கிலோ 100 கிலோ லாட்டுக்கு கட்டுபடியாகாது, இதையும் எழுதுங்க, எழுதலேன்னா எக்ஸாமினர் கேப்பாரு.

செலவே இல்லாத வழி ஒண்ணு இருக்கு, ரீ-டையிங்கக் கொறைக்கறது. ஷேடு தப்புன லாட்ட திரும்ப சாயம் போடுவாங்க, அப்ப உப்பு, தண்ணி, விறகு எல்லாம் அந்தத் துணிக்கு கிட்டத்தட்ட டபுள். மாஸ்டர் நல்ல மூட்ல இருக்கறப்ப "போன மாசம் எத்தனை லாட் ரீ-டையிங் போச்சுண்ணா"ன்னு கேட்டு வாங்கிடுங்க. அந்த நம்பர் எந்த பேப்பர்லயும் கெடைக்காது.