பறவைகளுக்குத் தண்ணீர்ச் சட்டி தொங்கவிட ஓர் உறி: பேரப்பிள்ளைகளோடு பின்னும் முறை

சித்திரை, வைகாசி வெயிலில் பதினொரு மணிக்கு மேல் பிள்ளைகளை வெளியே விட முடியாது, உள்ளே உட்கார வைத்தால் கை நேராக செல்போனுக்குத்தான் போகும். பேத்தி லீவுக்கு மதுரை வந்தால் மத்தியான நேரத்துக்கு நான் எடுத்து வைத்திருக்கும் வேலை இந்த உறிதான். பின்னி முடித்ததும் வேப்பமரத்தில் தொங்கவிட்டு, மைனாவும் தவிட்டுக்குருவியும் குளிக்க வருவதை ஜன்னலில் நின்று பார்க்கலாம். ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு நன்றாகவே வரும்.

வேண்டியவை: அகல வாய் மண்சட்டி ஒன்று, பத்தடி நீளத்தில் வெள்ளைப் பருத்திக் கயிறு இரண்டு, அதே நீளத்தில் பழுப்புச் சணல் கயிறு இரண்டு, ஓர் இரும்பு வளையம், சாக்பீஸ், கத்தரிக்கோல், உங்களிடம் குரோஷா ஊசி (நூல் பின்னும் கொக்கி ஊசி) இருந்தால் அதுவும். கயிறு சுண்டுவிரலில் பாதி கனம் இருந்தால் போதும். நைலான் கயிறு வேண்டவே வேண்டாம், முடிச்சு வழுக்கும், வெயிலில் காய்ந்து பிசிறு பிசிறாக உதிரும். சட்டிக்கு நான் மானாமதுரைச் சட்டியைத்தான் சொல்வேன், 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய மண்பாண்டம், நம் பக்கத்து ஊர்ச் சரக்கு. மெருகு பூசாத சட்டியாக இருக்க வேண்டும். அதில்தான் தண்ணீர் லேசாகக் கசிந்து ஆவியாகும், உள்ளே இருப்பது குளிர்ந்திருக்கும். வாங்கியதும் ஓர் இரவு தண்ணீரில் ஊறப் போடுங்கள்.

முதலில் சட்டியைத் தரையில் கவிழ்த்து வையுங்கள். உறியைத் தனியாகப் பின்னிவிட்டு அப்புறம் சட்டியை உள்ளே இறக்குவது என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், கவிழ்த்த சட்டியின் மேலேயே பின்னினால்தான் அளவு பிசகாது.

சட்டியின் அடியில் வெள்ளை இரண்டையும் நெட்டாக, மூன்று விரல் இடைவெளி விட்டுப் போடுங்கள். சணல் இரண்டையும் குறுக்காக, ஒன்றின் மேல் ஒன்றின் கீழ் என்று விட்டு எடுங்கள், ஒயர் கூடைக்கு அடி போடுவது போலவேதான். நடுவில் ஒரு சதுரம் வரும், எட்டு நுனிகள் நாலு பக்கமும் தொங்கும். ஒவ்வொரு மூலையிலும் இருக்கும் வெள்ளையையும் பழுப்பையும் சேர்த்துப் பிடித்து, மூலையை ஒட்டியே சாதாரண முடிச்சு ஒன்று. நாலு மூலை, நாலு முடிச்சு. இது முதல் வரிசை.

அடுத்த வரிசையில்தான் சிக்கல், அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஒரு மூலை முடிச்சிலிருந்து ஒரு கயிறு, பக்கத்து மூலை முடிச்சிலிருந்து ஒரு கயிறு எடுத்துச் சேர்த்து முடிய வேண்டும். நாலு முடிச்சும் ஒரே மட்டத்தில் விழ வேண்டும், ஒன்று அரை விரல் இறங்கினாலும் தொங்கவிட்டதும் சட்டி ஒரு பக்கம் சாயும், அந்தச் சமயத்தில் காகம் ஒன்று விளிம்பில் உட்கார்ந்தால் தண்ணீர் முழுக்கக் கீழேதான். அதற்காகத்தான் சாக்பீஸ். சட்டியின் பாதி உயரத்தில் சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலைத் தரையில் ஊன்றி, கையை அசைக்காமல் சட்டியை மட்டும் பிள்ளையை விட்டுச் சுற்றச் சொல்லுங்கள், அழகாக ஒரு கோடு விழும். முடிச்சைத் தளர்வாகப் போட்டு, குரோஷா ஊசியை நடுவில் விட்டு அந்தக் கோடு வரை நகர்த்தி, அப்புறம் இரண்டு கயிற்றையும் ஒவ்வொன்றாக இறுக்குங்கள். ஒரே இழுப்பாக இழுத்தால் முடிச்சு கோட்டைத் தாண்டி ஓடிவிடும். வரிசையாகச் சுற்றி வராமல் ஒரு முடிச்சு போட்டதும் அதற்கு நேர் எதிரே அடுத்ததைப் போடுங்கள், கயிறு ஒரு பக்கமாக இழுபடாது.

இரண்டு நிறம் எதற்கு என்றால், பிள்ளை தானே சரிபார்த்துக்கொள்ளத்தான். முதல் வரிசையில் வெள்ளையும் பழுப்பும் கலந்து வரும். இரண்டாவதில் வெள்ளையோடு வெள்ளை, பழுப்போடு பழுப்பு. மூன்றாவதில் மறுபடி கலப்பு. "அம்மாச்சி, இங்க வெள்ளையும் பழுப்பும் சேந்துருச்சு, அவுக்கணும்" என்று பேத்தியே சொல்லிவிடுவாள், நான் எட்டிப் பார்க்கவே வேண்டாம்.

மூன்றாவது வரிசையும் அதே மாதிரிதான், விளிம்புக்கு ஒரு விரல் முன்னால் நிறுத்துங்கள்.

இப்போது சட்டியை நிமிர்த்தி, எட்டு நுனிகளையும் மேலே கூட்டிப் பிடியுங்கள். முடிவதற்கு முன்னால் சட்டியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுங்கள். சுற்றிலும் விளிம்புக்கும் தண்ணீருக்கும் ஒரே இடைவெளி இருக்கிறதா என்று பார்த்தால் சாய்வு உடனே தெரியும், தாழ்ந்த பக்கத்துக் கயிற்றை லேசாக மேலே இழுத்துக்கொள்ளலாம். சரியானதும் வளையத்தில் கோத்து இறுக்கி முடியுங்கள். சட்டிக்கும் வளையத்துக்கும் இரண்டடி இருக்க வேண்டும், குறைந்தால் கயிறுகள் நெருங்கி, பறவை உள்ளே இறங்க இடம் இருக்காது.

மிச்ச நுனிகளை ஒட்ட வெட்டுங்கள். இதைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள், தொங்கும் பிசிறிலும் தளர்ந்த கண்ணியிலும் குருவியின் கால் மாட்டும், பிரித்துவிட ஆள் இல்லாவிட்டால் அது அங்கேயே கிடந்து செத்துப்போகும். மீந்த உல்லன் நூலைப் பறவைகள் கூடு கட்ட எடுத்துக்கொள்ளட்டும் என்று செடியில் போடுகிறவர்கள் உண்டு, அதுவும் அதே காரணத்துக்காகக் கூடாது.

முருங்கையில் தொங்கவிடாதீர்கள், கிளை சட்டென்று ஒடியும். வேம்பு, கொய்யா, மா நல்லது, நிழலும் இருக்கும், ஈரச் சிறகை உலர்த்திக்கொள்ளப் பக்கத்திலேயே கிளையும் இருக்கும். பூனை தாவ முடியாத உயரம் பார்த்துக் கட்டுங்கள். தண்ணீர் இரண்டு விரல் ஆழம் போதும், நடுவில் ஒரு தட்டையான கல் போட்டால் சின்னக் குருவிகளும் தேன்சிட்டும் நிற்கும்.

தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும். கொசுப் புழு இந்தச் சூட்டில் ஒரு வாரத்திலேயே கொசுவாகிவிடும். பழைய தண்ணீரை நான் மல்லிகைப் பதியனுக்கு ஊற்றிவிடுவேன். காகம் காய்ந்த ரொட்டியையும் எலும்பையும் கொண்டுவந்து நனைத்துத் தின்னும், அதனால் சட்டியைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுங்கள், சோப்பு வேண்டாம், மண் அதை உறிஞ்சிக்கொள்ளும்.

பின்சேர்க்கை: எவர்சில்வர் கிண்ணம் வைக்கலாமா என்று நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். வேண்டாம், வெயில் பட்டால் கொதிக்கும், விளிம்பும் வழுக்கும்.

இன்னொன்று, உறி நைந்து போகிறது என்று எழுதியிருந்தவருக்கு: அது அணில் வேலை, கூட்டுக்கு நார் உருவிக்கொண்டு போகிறது. அதைத் துரத்த வேண்டாம். வாரத்துக்கு ஒருமுறை கயிற்றைத் தடவிப் பாருங்கள், மெலிந்திருந்தால் சட்டியைக் கீழே இறக்கிவிட்டுக் கயிறு மாற்றுங்கள். பக்கத்துக் கிளையில் கொஞ்சம் தேங்காய் நாரைச் செருகி வைத்தால் அணில் அதைத்தான் முதலில் எடுக்கும்.

ஆடிக்காற்றில் என்ன செய்வது என்று கேட்டவருக்கு: அடிச் சதுரத்தில் ஒரு கயிறு கட்டி அடிமரத்தோடு இழுத்துக் கட்டிவிடுங்கள், ஆடாது. காற்று ரொம்ப அதிகம் என்றால் இறக்கி, மதில்மேல் நிழலான இடமாகப் பார்த்து வைத்துவிடுங்கள்.