சென்னை – சிங்கப்பூர்: விமானத்தில் எத்தனை மணி நேரம்?

சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு வான்வழித் தூரம் சுமார் 2,900 கிலோமீட்டர். நேரடி விமானம் என்றால் நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். டிக்கெட்டைப் பார்க்கும்போதுதான் குழப்பம் வரும். இரவு 11.15-க்குக் கிளம்பி காலை 6 மணிக்கு இறங்கும் என்று போட்டிருந்தால், ஆறே முக்கால் மணி நேரம் இருக்கிறது, நன்றாகத் தூங்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். அதில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அதைக் கழித்தால் மிஞ்சுவது நாலேகால் மணி நேரம். சாப்பாடு கொடுத்து, விளக்கை அணைத்து, இறங்கும் முன் சீட்டை நிமிர்த்தச் சொல்லி எழுப்புவதற்குள் தூக்கம் எங்கே தேறும்? காலையிலேயே இன்டர்வியூ, மீட்டிங் என்று இருந்தால் முதல் நாளே போய்விடுங்கள். திரும்பி வரும்போது அதே இரண்டரை மணியைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.