பூட் லோடர் கெர்னலிடம் கையளிக்கும் இடம்: கிரப், க்யூஎமு, ஜிடிபி கொண்டு ஒரு செய்முறை

ஏ/எல் (உயர்தர) வகுப்பில் ஐசிடி என்ற கணினிப் பாடம் படிக்கிற பிள்ளைகளிடம் கணினி எப்படித் தொடங்குகிறது என்று கேட்டால், கணினியை முதலில் எழுப்பும் பயாஸ், கெர்னலை ஏற்றும் பூட் லோடர், இயங்குதளத்தின் மையமான கெர்னல் என்று வரிசையாகச் சொல்லிவிடுவார்கள். ஏற்றிய பிறகு என்ன நடக்கிறது என்று கேட்டால்தான் தலையைச் சொறிவார்கள். நடப்பது ஒரு தாவல் கட்டளை, அவ்வளவுதான். ஆனால் தாவுவதற்கு முன் பூட் லோடர் எதை எங்கே வைத்துவிட்டுப் போகிறது என்று தெரியாவிட்டால் உங்கள் கெர்னல் ஒரு வரியும் ஓடாது. அதை இன்றைக்குக் கண்ணால் பார்ப்போம்.

சொந்தமாக பூட் லோடர் எழுதித்தான் தொடங்கவேண்டும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பயாஸ் வட்டின் முதல் 512 பைட்டை 31744 என்ற முகவரியில் வைத்து அங்கே தாவும். பகுப்பு அட்டவணையும் முத்திரையும் போக அதில் உங்களுக்கு மிஞ்சுவது 446 பைட். அதற்குள் மல்லுக்கட்டி முடிய ஆசையே போய்விடும். கிரப் என்ற ஆயத்தமான பூட் லோடர் இருக்கிறது, கெர்னலை எப்படி ஏற்றிக் கையளிப்பது என்று சொல்லும் அதன் மல்டிபூட் ஒப்பந்தம் இருக்கிறது, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

உபுண்டு அல்லது டெபியனில் நாஸ்ம் (அசெம்பிளர்), பின்யூடில்ஸ் (எல்டி லிங்கர் இதில்தான் வரும்), ஜிடிபி (நிரலை இடையில் நிறுத்திப் பார்க்கும் கருவி), க்யூஎமு (கணினிக்குள் ஓடும் போலிக் கணினி) நான்கையும் நிறுவுங்கள். வெர்ச்சுவல்பாக்ஸ் வேண்டாம். யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் வாங்கிய பழைய 4 ஜிபி மடிக்கணினியிலும் க்யூஎமு அலுப்பில்லாமல் ஓடும். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் தருகிறேன். டெர்மினலில் ஆங்கிலத்தில் அடியுங்கள்.

கெர்னல் கோப்பு

ஸ்டார்ட்.ஏஎஸ்எம் என்று ஒரு கோப்பு. அதில் மூன்று பகுதிகள்.

முதலாவது '.மல்டிபூட்' என்ற செக்‌ஷன். 'அலைன் 4' போட்டு, கீழே 'டிடி' கொண்டு மூன்று எண்கள்: 464367618, 0, −464367618. முதலாவது அடையாள எண், இரண்டாவது கொடிகள், மூன்றாவது சரிபார்ப்பு எண். மூன்றையும் கூட்டினால் பூச்சியம் வரவேண்டும். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் மல்டிபூட் தலைப்பு. ஹெக்ஸில் எழுதத் தேவையில்லை, நாஸ்ம் தசமத்தையும் ஏற்கும்.

இரண்டாவது '.பிஎஸ்எஸ்'. அதில் ஸ்டாக்குக்காக (நிரல் தற்காலிக எண்களை அடுக்கி வைக்கும் இடம்) 16384 பைட் ஒதுக்கி, அதன் முடிவில் 'ஸ்டாக்_டாப்' என்று ஒரு லேபல்.

மூன்றாவது '.டெக்ஸ்ட்'. அதில் 'ஸ்டார்ட்' என்ற லேபல், 'குளோபல்' என்றும் அறிவித்திருக்கவேண்டும். முதல் கட்டளை, ஸ்டாக்கின் உச்சியைக் காட்டும் ஈஎஸ்பி என்ற ரெஜிஸ்டருக்குள் ஸ்டாக்_டாப்பை நகர்த்துவது. அடுத்தது 753664 என்ற முகவரியில் 3905 என்ற 16 பிட் எண்ணை எழுதுவது. பிறகு குறுக்கீடுகளை நிறுத்தும் 'சிஎல்ஐ', செயலியை உறங்கவிடும் 'எச்எல்டி', திரும்பவும் எச்எல்டிக்கே ஒரு தாவல்.

753664 என்பது விஜிஏ எழுத்துத் திரையின் மூலை. ஒவ்வொரு எழுத்துக்கும் இரண்டு பைட்: எழுத்து, நிறம். 15ஐ 256ஆல் பெருக்கி 65ஐக் கூட்டினால் 3905. அதாவது கறுப்பில் வெள்ளை நிறத்தில் ஆங்கிலத்தின் முதல் எழுத்து. 'அ' போட முடியாதா என்று கேட்காதீர்கள், அந்த எழுத்துத் தொகுதியில் தமிழ் இல்லை.

லிங்கர் கோப்பு: இங்கே நிதானம்

எந்தப் பகுதி எங்கே போகவேண்டும் என்று லிங்கருக்குச் சொல்வது இந்தக் கோப்பு. மல்டிபூட் தலைப்பு, கெர்னல் கோப்பின் முதல் 8192 பைட்டுக்குள் இருக்கவேண்டும். நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்பதல்ல, கோப்பில் எங்கே இருக்கிறது என்பதுதான் கணக்கு. எல்டி லிங்கர் கோப்பின் தொடக்கத்தில் பொதுவாக 4096 பைட்டை விட்டுவிட்டுத்தான் உங்கள் நிரலை வைக்கும். ஆக மிச்சம் உள்ளது இன்னொரு 4096 மட்டுமே.

லிங்கர் கோப்பில் '.மல்டிபூட்' என்ற பெயரைச் சொல்லாமல் விட்டால் எல்டி பிழை காட்டாது. அந்தச் செக்‌ஷனைக் கொண்டுபோய் நிரலுக்குப் பின்னால் செருகிவிடும். கெர்னல் சின்னதாக இருக்கும்வரை அதுவும் வேலை செய்யும், அதுதான் ஆபத்து. நீங்கள் ஆசையாக விசைப்பலகை, மணிகாட்டி என்று கனக்கச் சேர்த்துக்கொண்டு போவீர்கள். ஒருநாள் தலைப்பு 8192ஐத் தாண்டும், கிரப் 'மல்டிபூட் தலைப்பு இல்லை' என்று கையை விரிக்கும். அன்றைக்கு எழுதிய நிரலில்தான் பிழை என்று தேடினால் விடிய விடியத் தேடலாம்.

ஆகவே: என்ட்ரி 'ஸ்டார்ட்', தொடக்க முகவரி 1எம், பிறகு '.டெக்ஸ்ட்' வெளியீட்டுக்குள் முதலில் '.மல்டிபூட்', அதன்பின் '.டெக்ஸ்ட்'. தலைப்பைக் 'கீப்' என்பதற்குள் போட்டுவிடுங்கள், பயன்படாத செக்‌ஷன்களை நீக்கும் தெரிவு போட்டாலும் தப்பிவிடும்.

நாஸ்மில் ஈஎல்எஃப்32, எல்டியில் ஈஎல்எஃப்_ஐ386 என்று வடிவத்தைச் சொல்லி 32 பிட்டில் கட்டுங்கள். 64 பிட்டில் கட்டினால் க்யூஎமு நேரடியாக மறுத்துவிடும்.

கட்டியவுடன் 'கிரப்-ஃபைல்' கருவியை 'இஸ்-எக்ஸ்86-மல்டிபூட்' தெரிவுடன் ஒருக்கால் ஓடவிடுங்கள். சரியென்றாலும் பிழையென்றாலும் அது வாய் திறக்காது. 'எக்கோ டாலர் கேள்விக்குறி' அடித்துப் பார்க்கவேண்டும்: 0 வந்தால் சரி.

கையளிப்பைப் பார்த்தல்

க்யூஎமுவின் ஐ386 நிரலை 'ஹைஃபன் கெர்னல்' தெரிவோடு உங்கள் கோப்பைக் கொடுத்து ஓட்டுங்கள். கிரப் இல்லாமலே மல்டிபூட் முறைப்படி கெர்னலை ஏற்ற அதற்குத் தெரியும். சின்ன எஸ், பெரிய எஸ் இரண்டு தெரிவுகளையும் சேர்த்தால் தொடங்காமல் காத்திருக்கும். இன்னொரு டெர்மினலில் அதே கெர்னல் கோப்பைக் கொடுத்து ஜிடிபி திறந்து, 1234 போர்ட்டில் இணைந்து, 'பிரேக் ஸ்டார்ட்', பிறகு 'கன்டினியூ'.

நின்றதும் 'இன்ஃபோ ரெஜிஸ்டர்ஸ்'. ஈஏஎக்ஸில் 732803074 இருக்கும். மல்டிபூட் முறைப்படி ஏற்றியவர்தான் கையளித்தார் என்பதற்கு அது சாட்சி. ஈபிஎக்ஸில் ஒரு முகவரி. 'எக்ஸ் சாய்கோடு 3டிடபிள்யூ டாலர் ஈபிஎக்ஸ்' என்று அடித்தால் மூன்று எண்கள் வரும்: கொடிகள், கீழ் நினைவகம், மேல் நினைவகம். பின்னிரண்டும் கிலோபைட்டில். கீழது 640ஐ ஒட்டியிருக்கும். க்யூஎமு தானாகத் தரும் 128 எம்பியில் மேலது 130000ஐ ஒட்டியிருக்கும்.

வாடகை வீட்டை விட்டுப் போகிறவர் திறப்பையும் சாமான் பட்டியலையும் மேசையில் வைத்துவிட்டுப் போவது மாதிரித்தான் இது. 32 பிட் பாதுகாப்பு நிலை, பேஜிங் (முகவரி மாற்றம்) இல்லை, குறுக்கீடுகள் நிறுத்தம், 1 எம்பிக்கு மேலுள்ள நினைவகத்துக்கு வழிவிடும் ஏ20 திறந்திருக்கும் என்ற அளவுக்கு மட்டுமே ஒப்பந்தம் உத்தரவாதம் தருகிறது. ஸ்டாக் அதில் இல்லை. இப்போது ஈஎஸ்பியில் தெரிகிற எண் ஏதோ மிச்சம். அதை நம்பி 'புஷ்' செய்தால் எதன் மேல் எழுதுகிறீர்கள் என்று சொல்லமுடியாது. 'எஸ்ஐ' அடித்து ஒரு கட்டளை நகருங்கள். ஈஎஸ்பி உங்கள் ஸ்டாக்_டாப்புக்கு மாறும். இனி இயந்திரம் உங்களுடையது.

பிறகு சேர்த்தவை

இதைச் செய்து பார்த்த ஒரு தம்பிக்கு 'பிரேக்' நிற்கவே இல்லை. உண்மையான செயலியிலேயே நேரடியாக ஓட்டும் கேவிஎம் தெரிவைப் போட்டு ஓட்டியிருக்கிறார். அதில் பிரேக் நினைவகத்திலேயே எழுதப்படும். கெர்னல் வந்து அதன்மேல் ஏறியதும் அழிந்துவிடும். 'எச்பிரேக்' பாவியுங்கள், அல்லது கேவிஎம்மை எடுத்துவிடுங்கள்.

மல்டிபூட் 2 தலைப்பு போட்டவர்களுக்கு: க்யூஎமுவின் கெர்னல் தெரிவு முதலாம் பதிப்பை மட்டுமே அறியும். ஐஎஸ்ஓ (சீடியின் பிரதிக் கோப்பு) செய்துதான் ஓட்டவேண்டும். கிரப்-எம்கேரெஸ்க்யூ ஐஎஸ்ஓ செய்ய எக்ஸாரிசோவும் எம்டூல்ஸும் வேண்டும். பயாஸுக்குப் பதிலாக வந்த யூஈஎஃப்ஐ உள்ள மடிக்கணினியில் கட்டினால் கிரப்-பிசி-பின் பொதியையும் நிறுவுங்கள். இல்லாவிட்டால் ஐஎஸ்ஓ ஒழுங்காக உருவாகும், க்யூஎமு மட்டும் சீடியை வாசிக்க முடியவில்லை என்று நின்றுவிடும்.

லினக்ஸும் இப்படித்தானா என்று ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். இல்லை. லினக்ஸுக்குத் தனி ஒப்பந்தம். 32 பிட் நுழைவில் விபரப் பட்டியலின் முகவரி ஈஎஸ்ஐயில் போகும்.

பென்டிரைவில் போட்டு உண்மையான மடிக்கணினியில் முயல்கிறவர்கள் ஒன்றைப் பாருங்கள். யூஈஎஃப்ஐ வழியாகத் தொடங்கினால் 753664இல் எழுத்துத் திரை இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. கெர்னல் ஓடினாலும் திரை கறுப்பாகவே இருக்கலாம். அமைப்புப் பக்கத்தில் பழைய பயாஸ் முறையான லெகசி அல்லது சிஎஸ்எம் இருந்தால் அதைத் தெரிவுசெய்யுங்கள். இல்லாவிட்டால் க்யூஎமுவோடு நில்லுங்கள்.