மன அதிர்ச்சி (ட்ராமா), குடும்பம் சார்ந்த கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆக

எம்.ஏ., எம்.எஸ்சி. சைக்காலஜி மட்டும் போதாது. இந்தியாவில் இந்திய மறுவாழ்வு கவுன்சில் (ஆர்.சி.ஐ.) அங்கீகரித்த படிப்பும் அதன் மையப் பதிவேட்டில் உங்கள் பெயரும் வேண்டும். பல ஆண்டுகளாக அதற்கான முக்கிய வழி 2 ஆண்டு முழுநேர எம்.பில். பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) அதை நிறுத்தும் முடிவெடுத்ததால், பணம் கட்டுமுன் ஆர்.சி.ஐ. தளத்தில் படிப்பின் பெயர், கல்லூரி, சேர்க்கை ஆண்டு மூன்றையும் சரிபாருங்கள். விளம்பரத்தை நம்பிச் சேர்ந்தவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

சிறப்புப் பயிற்சி பிறகு. குழந்தைகளுக்கு அதிர்ச்சி சார்ந்த சிபிடி (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்ற உதவும் பேச்சு சிகிச்சை) நல்ல தொடக்கம். வழக்கமாக 12–16 அமர்வுகள், பெற்றோருக்கும் இணையாக. வார இறுதிச் சான்றிதழை விட மூத்தவரின் மேற்பார்வையில் முழுதாக முடித்த சில கேஸ்கள் மேல்.

குடும்பத்தைப் பார்க்கும்போது முதலில் ஒவ்வொருவரையும் தனியே சந்தியுங்கள். வீட்டில் வன்முறை இருந்தால் கூட்டு அமர்வு வேண்டாம்: உள்ளே பேசியதற்கு வெளியே அடி விழும். நடந்ததைக் குழந்தையிடம் திரும்பத் திரும்பக் கிளறாதீர்கள்.

"யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கவே கூடாது. குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால், போக்சோ சட்டம், 2012-இன் பிரிவு 19-படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம்; தவறினால் தண்டனை உண்டு. ரகசியத்தின் இந்த எல்லையை முதல் அமர்விலேயே சொல்லி, குறிப்பேட்டில் தேதியோடு எழுதிவையுங்கள்.