12 பவுண்ட் பைண்ட்: கிராஃப்ட் பீருக்கு விலை போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென் லண்டனில் தெரிந்த தம்பி ஒருவன் சமீபத்தில் ஒரு பப்பைக் குத்தகைக்கு எடுத்தான். அதுவரை அவன் நடத்தியது ஆஃப்-லைசென்ஸ், அதாவது பாட்டில் வாங்கிக்கொண்டு போகும் மதுக்கடை. திறந்து ஒரு வாரத்தில் போன் வந்தது. "அண்ணே, ஆறு டாப்பில கிராஃப்ட் பீர் போட்டிருக்கேன், லாகர் மட்டும்தான் ஓடுது. இந்த ஏரியா ஆளுங்களுக்கு ருசியே தெரியல."

டாப் என்றால் பீர் ஊற்றும் குழாய். கிராஃப்ட் பீர் சிறு ஆலைகள் காய்ச்சுவது, லாகர் எல்லா பப்பிலும் கிடைக்கும் வெளிர் நிற பீர். போய்ப் பார்த்தேன். கரும்பலகையில் அவன் எழுதியிருந்த விலையைப் பார்த்ததும், பல வருடங்களுக்கு முன் நான் எழுதிய கரும்பலகை ஞாபகத்துக்கு வந்தது. அதே தவறு, கிட்டத்தட்ட அதே கையெழுத்து.

கிளாஸ் கழுவுவது, பீர் வைக்கும் நிலவறையான செல்லாரைக் குளிர்ச்சியாக வைப்பது எல்லாம் முதல் நாளே யாராவது சொல்லித் தந்துவிடுவார்கள். விலை விஷயத்தை மட்டும் யாரும் சொல்வதில்லை.

எல்லா பீருக்கும் ஒரே சதவீதம்

இதுதான் எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டும் தவறு. கொஞ்சம் கணக்குப் போட்டால்தான் புரியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாதாரண லாகர் ஒரு பைண்ட் (568 மில்லி) உங்களுக்கு 1.50 பவுண்டுக்கு அடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 70% மார்ஜின், அதாவது விற்கும் விலையில் 70% நம் கையில் நிற்க வேண்டும் என்றால், வாட் என்ற விற்பனை வரி இல்லாமல் 5 பவுண்ட். 20% வாட் சேர்த்தால் பலகையில் 6 பவுண்ட். சரி, எல்லோரும் வாங்கிக் குடிக்கிறார்கள்.

இப்போது ஒரு நல்ல ஹேஸி ஐபிஏ, கலங்கலான, பழ வாசனை வரும் கிராஃப்ட் பீர். 30 லிட்டர் கெக் (பீர் பீப்பாய்) 150 பவுண்ட், கழிவு போக 50 பைண்ட் தேறும். பைண்டுக்கு 3 பவுண்ட் அடக்கம். அதே 70%-ஐ இங்கேயும் போட்டால் வாட் இல்லாமல் 10, வாட்டோடு 12 பவுண்ட்!

நான் போட்டது அந்த விலைதான். (இன்றைய விலைக்கு மாற்றிச் சொல்கிறேன். அன்று எல்லாமே குறைவு, முட்டாள்தனம் மட்டும் இதே அளவு.) முதல் நாள் மாலை வழக்கமாக வரும் பெரியவர் ஒருவர் பலகையை நிமிர்ந்து பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார், அப்புறம் லாகர் கேட்டார். மூன்று வாரத்தில் 18 பைண்ட் போனது. ஹேஸி ஐபிஏவின் உயிரே ஹாப்ஸ் என்ற பூவின் வாசனைதான், அது நாளாக ஆகக் காணாமல் போகும். நாலாவது வாரம் ஊற்றிப் பார்த்தால் மாம்பழ வாசனை போய் ஈர அட்டைப்பெட்டி வாசனை. மீதி 32 பைண்டையும் நானே சாக்கடையில் கொட்டினேன்.

வாட் போக வரவு 180 பவுண்ட், கெக்குக்குக் கொடுத்தது 150. என் 70% மார்ஜின் கையில் கொடுத்தது 30 பவுண்ட்.

லாகரில் பைண்டுக்கு எனக்கு நின்றது 3.50. அதே 3.50-ஐ ஐபிஏவின் அடக்க விலையில் கூட்டியிருந்தால் 6.50, வாட்டோடு 7.80. அந்த விலைக்கு 50 பைண்டும் ஒரே வாரத்தில் ஓடியிருக்கும், 175 பவுண்ட் நின்றிருக்கும். புத்தகத்தில் மார்ஜின் 54% என்று விழும், கணக்குப் பார்ப்பவர் கத்துவார். கத்தட்டும். வெள்ளிக்கிழமை சம்பளம் கொடுக்க அவரிடமா போய் நிற்கப் போகிறீர்கள்?

கிராஃப்ட் பீர் விலை நியாயமா என்று பாருக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்பவர்களுக்கும் என் பதில் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. 6 பவுண்ட் லாகருக்கும் 7.80 ஐபிஏவுக்கும் வித்தியாசம் 1.80. அதில் 1.50 பீருக்குப் போகிறது, 30 பென்ஸ் வரிக்குப் போகிறது. பப் ஒரு பென்னிகூடக் கூடுதலாக எடுக்கவில்லை. 12 பவுண்ட் பைண்டிலோ, அதே கிளாஸ், அதே நாற்காலி, அதே பையன் ஊற்றித் தருவதற்கு 3.50 அதிகம் கேட்கிறோம். மெதுவாக ஓடும் கெக்கில் கழிவு கூடும், அதற்காக இன்னும் 40 பென்ஸ் சேர்த்தால் நான் குறை சொல்ல மாட்டேன். 4 பவுண்ட் சேர்த்தால் சொல்வேன்.

கெக்கில் 52 பைண்ட் இருக்கிறது என்று நம்புவது

30 லிட்டரை 568 மில்லியால் வகுத்தால் 52 வரும். லைன் கழுவும் ஒவ்வொரு முறையும் குழாயில் நிற்கும் பீர் போகும், புது கெக் மாட்டும்போது நுரை போகும். 50 என்றே எண்ணுங்கள்.

அளவை எழுதாமல் விலையை மட்டும் எழுதுவது

10% ஆல்கஹால் உள்ள இம்பீரியல் ஸ்டௌட் என்ற கறுப்பு பீரை யாரும் பைண்டாகக் குடிக்க வேண்டியதில்லை. இங்கிலாந்தில் பைண்டில் மூன்றில் ஒரு பங்கும் அரையும் முன்பே உண்டு, மூன்றில் இரண்டு பங்கு 2011 முதல் செல்லும். ஆனால் பலகையில் அளவு இருக்க வேண்டும். எங்கள் பாரில் ஒரு பையன் மூன்றில் ஒரு பங்குக்கான விலையை வெறும் "5.50" என்று எழுதிவைத்தான். வந்தவர் பைண்ட் கேட்டார், பில் 16.50. அந்தச் சத்தம் தெருமுனை வரை கேட்டது. தப்பு முழுக்க எங்கள் மேல்தான், பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம்.

8.4-க்கும் 8.5-க்கும் வித்தியாசம் தெரியாமல் வாங்குவது

2023 ஆகஸ்டிலிருந்து பிரிட்டனில் எல்லா மது வகைக்கும் டியூட்டி (மதுவரி) ஆல்கஹாலின் அளவைப் பொறுத்தது. 20 லிட்டருக்குக் குறையாத கெக்கிலிருந்து டாப்பில் ஊற்றும் பீருக்குச் சலுகை உண்டு, ஆனால் 8.5%-க்குக் கீழே இருந்தால்தான். 8.4% என்று அச்சிட்ட பீர் இப்போது அடிக்கடி கண்ணில் படுவது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

காஸ்க் பீரைப் பேராசையாக வாங்குவது

காஸ்க் என்பது பீப்பாய்க்குள்ளேயே நொதிந்து முடியும் பீர். வழக்கமான காஸ்க்கில் 9 கேலன், அதாவது 72 பைண்ட், திறந்தால் மூன்று நாள் தாங்கும். அதற்குள் ஓடாது என்றால் பாதி அளவு காஸ்க் கேளுங்கள்.

"சூப்பர்மார்க்கெட்டில் 3 பவுண்ட்தானே" என்பவரோடு சண்டை போடுவது

கேன் 440 மில்லி, பைண்ட் 568. அதைச் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கவனியுங்கள்.

நுரை

நுரை அதிகம் என்று யாராவது கேட்டால் நிரப்பிக் கொடுங்கள். பேச்சு வேண்டாம்.

தம்பி அன்று ராத்திரியே பலகையைத் துடைத்தான். ஐபிஏ 7.80, அரை பைண்ட் 3.90 என்று எழுதினான், மார்ஜின் போச்சே என்று முனகிக்கொண்டே. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை மறுபடி போன். "அண்ணே, கெக் நேத்தே தீர்ந்துபோச்சு. செவ்வாய்க்கிழமை வரைக்கும் டெலிவரி கிடையாதாம். வெறும் டாப்பைப் பார்த்துட்டு ஆளுங்க திரும்பிப் போறாங்க. என்ன செய்யட்டும்?"