ஊட்டியும் உதகமண்டலமும் ஒரே பையில்: வலைத்தள முகவரியைச் சீர்செய்யும் முறை

தபால் நிலையத்தில் 31 ஆண்டுகள் கடிதம் பிரித்தவள் நான். ஊட்டி, உதகை, உதகமண்டலம், பழைய ஆட்கள் எழுதும் ஒட்டக்கமண்ட் என்று உறையில் எது இருந்தாலும் 643001 பையில்தான் விழும். கணினிக்கு இந்த அனுசரணை கிடையாது. ஓர் எழுத்து மாறினால் அதற்கு அது வேறு ஊர். ஓய்வுக்குப் பிறகு, குன்னூரில் எங்கள் வீட்டு மாடியில் இருக்கும் மழைமானியின் கணக்கை ஒரு சிறு வலைத்தளத்தில் ஏற்றிவருகிறேன். அதை நடத்தப் போய்ப் பட்ட அடிகளிலிருந்து எழுதுகிறேன்.

தளத்தின் பெயர் 'குன்னூர்மழை டாட் காம்' என்று வைத்துக்கொள்வோம். அதற்கு நான்கு வாசல்கள். முன்னால் மூன்று டபிள்யூ போட்டு ஒன்று, போடாமல் ஒன்று; அந்த இரண்டுக்கும் தொடக்கத்தில் எச்டிடிபி, அதன் பாதுகாப்பான வடிவமான எச்டிடிபிஎஸ் என்று இரண்டிரண்டு. நான்கையும் முழுதாகத் தட்டிப் பாருங்கள். வழக்கமாகத் திறக்கும் கணினியில் வேண்டாம், அது முன்பு பார்த்ததை நினைவில் வைத்துக்கொண்டு ஏமாற்றும். கைப்பேசியில் வைஃபையை அணைத்துவிட்டு, மறைநிலைச் சாளரத்தில் பாருங்கள். குரோம் போன்ற உலாவிகள் முகவரியின் முன்பகுதியை மறைத்துவிடும். பட்டையைத் தொட்டால் முழுதும் தெரியும். நான்கும் கடைசியில் ஒரே வடிவத்தில் வந்து நிற்க வேண்டும். இரண்டு வடிவங்களில் நின்றால், தேடுபொறிக்கு நீங்கள் ஒரே பக்கத்தை இரண்டு வீடுகளில் வைத்திருப்பவர்.

எந்த வடிவத்தை வைத்துக்கொள்வது? டபிள்யூ போட்ட பெயருக்கு ஒரு வசதி உண்டு: அதை 'சிநேம்' பதிவாக இன்னொரு பெயருக்குக் காட்டிவிடலாம். வெறும் பெயருக்கு, பெயர்களை எண்களோடு பொருத்தும் இணையப் பதிவேடான டிஎன்எஸ்ஸின் விதி அதை அனுமதிப்பதில்லை. பொதுவாக 'ஏ' பதிவில், தளம் இருக்கும் கணினியான சர்வரின் ஐபி எண்ணை எழுத வேண்டும், அந்த எண் மாறினால் நீங்களும் மாற்ற வேண்டும். அப்படியிருந்தும் நான் வெறும் பெயரையே வைத்துக்கொண்டேன். போனில் முகவரி சொல்லும்போது மூன்று டபிள்யூவையும் உச்சரித்து முடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்குகிறது. எதை வேண்டுமானாலும் எடுங்கள், எடுத்த பிறகு மாற்றாதீர்கள்.

மற்ற மூன்றையும் அதற்குத் திருப்பிவிடும்போது 301 என்ற எண்ணைப் பயன்படுத்துங்கள். 302 என்றால் 'கொஞ்ச நாள் மகள் வீட்டில் இருக்கிறார், கடிதத்தை அங்கே அனுப்பவும்' என்று பொருள். 301 என்றால் வீடே மாறிவிட்டது. தளத்துக்கு இடம் தரும் ஹோஸ்டிங் நிறுவனத்தின் பக்கத்தில் இரண்டும் அருகருகே இருக்கும், பார்த்துத் தேர்ந்தெடுங்கள். இன்னொன்று: ஒவ்வொரு பழைய பக்கமும் அதே புதிய பக்கத்துக்குப் போக வேண்டும். பலர் எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பிவிடுகிறார்கள். நவம்பர் மழைக் கணக்கைத் தேடி வந்தவருக்கு வாசலில் வணக்கம் சொல்லி என்ன பயன்?

இவ்வளவும் செய்து முடித்து நிம்மதியாக இருந்தபோது, கோத்தகிரியிலிருந்து தேயிலைத் தோட்டக்காரர் ஒருவர் அழைத்தார். "போஸ்ட்மாஸ்டரம்மா, உங்கள் தளம் ஆபத்தானது என்று என் போன் எச்சரிக்கிறதே" என்றார். எனக்கு நன்றாகத்தான் திறந்தது. அவர் டபிள்யூ போட்டுத் தட்டியிருந்தார். எச்டிடிபிஎஸ்ஸுக்குத் தேவையான பாதுகாப்புச் சான்றிதழை நான் வெறும் பெயருக்கு மட்டும் வாங்கியிருந்தேன். உலாவி முதலில் சான்றிதழைப் பார்க்கிறது, அது சரியாக இருந்தால்தான் 301-ஐயே படிக்கிறது. அதனால் திருப்பிவிடும் பெயருக்கும் சான்றிதழ் தேவை. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு அதை இலவசமாகத் தருகிறது. நான் வாங்கியதற்கு ஆயுள் 90 நாள். தானாகப் புதுப்பிக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

முகவரியின் வால்பகுதியைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். டாட் காம் வரை உள்ள டொமைன் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு இல்லை. அதற்குப் பின்னால் வரும் பகுதியில் பெரும்பாலும் உண்டு. எல்லாவற்றையும் சிறிய எழுத்தில் வைத்துவிடுங்கள். ஃபேஸ்புக்கில் பகிரும்போது ஒட்டிக்கொள்ளும் கேள்விக்குறி வாலுக்கு, பக்க நிரலின் தலைப்பகுதியில், 'இதுதான் அசல் முகவரி' என்று தேடுபொறிக்குச் சொல்லும் 'கனானிக்கல்' குறிப்பு ஒன்று போதும்.

எழுத்துக்கூட்டல் நம் தனித் தலைவலி. குன்னூரை ஆங்கிலத்தில் 'சி'யில் தொடங்கி ஓ-க்களை இரட்டிப்பது அரசு வழக்கம். காதால் கேட்டவர்கள் 'கே'யும் 'யு'வும் போடுவார்கள். 'ழ'வுக்கு இசட், எச் போடாமல் 'எல்' போட்டால் மழை மலையாகிவிடும். எங்கள் ஊருக்கு இரண்டுமே பொருந்தும் என்பது வேறு விஷயம். எல்லா வடிவங்களையும் வாங்கினால் ஓய்வூதியம் போதாது. உங்களுக்கு வரும் கடிதங்களில் மக்கள் எப்படித் தவறாக எழுதுகிறார்கள் என்று பார்த்து, அதில் ஒன்றை மட்டும் வாங்கித் திருப்பிவிடுங்கள்.

இனி உண்மையான ஆபத்து. இலவச முகவரி நம்முடையது அல்ல என்பதால்தான் சொந்தப் பெயர் வாங்குகிறோம். 2012-ல் கூகுள் தன் இலவச வலைப்பூக்களின் இந்திய வாசகர்களைத் திருப்பிவிட்ட பிளாக்ஸ்பாட் டாட் இன் முகவரியே 2020-ல் அதன் கையைவிட்டுப் போனது. ஆனால் காசு கொடுத்து வாங்கிய பெயரும் கவனிக்காவிட்டால் போய்விடும். என்னுடையதை 2014-ல் அக்காள் மகன் தன் கல்லூரி மின்னஞ்சலில் வாங்கித் தந்தான். படிப்பு முடிந்தது, மின்னஞ்சலும் மூடப்பட்டது. 2021 அக்டோபர் 1 முதல் கார்டிலிருந்து தானாகப் பணம் எடுக்க முன்பதிவும் ஓடிபி ஒப்புதலும் வேண்டும் என்ற ரிசர்வ் வங்கி விதி நடைமுறைக்கு வந்தது. நவம்பரில், பெயரைப் புதுப்பிக்கும் என் கட்டணம் எடுபடவில்லை. எச்சரிக்கைகள் எல்லாம் ஆளில்லாத பெட்டிக்குப் போயின. நானோ மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் கணக்கை ஏற்றுபவள். நடுவில் ஒருநாள் தளம் வராதபோது, மழையில் மின்சாரம் போனதால் என்று நினைத்துவிட்டேன்.

டாட் காம் காலாவதியான பிறகு அதிகபட்சம் 45 நாள் வரை வழக்கமான கட்டணத்தில் புதுப்பிக்கலாம். இது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அதன்பின் 30 நாள் மீட்புக் காலம், அப்போது அபராதம் கடுமை. பிறகு, நீக்கத்துக்கு முன் 5 நாள். அதோடு பெயர் சந்தைக்குப் போய்விடும். நான் ஜனவரியில் விழித்து, ஏழாயிரத்துச் சொச்சம் கட்டி மீட்டேன்.

ஆகவே டொமைன் கணக்கு உங்கள் பெயரில், நீங்கள் தினமும் பார்க்கும் மின்னஞ்சலில் இருக்கட்டும். அந்த மின்னஞ்சல் இதே டொமைனில் இருக்கக் கூடாது. பெயர் போனால் எச்சரிக்கையும் சேர்ந்து போகும். மின்னஞ்சல் முகவரியை உறுதிசெய்யச் சொல்லி வரும் மின்கடிதத்தை 15 நாளுக்குள் கவனிக்காவிட்டால் தளத்தை நிறுத்திவைப்பார்கள். சர்வரை மாற்றுவதாக இருந்தால் இரண்டு நாள் முன்பே டிஎன்எஸ்ஸில், பழைய எண்ணை மற்ற கணினிகள் எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்று சொல்லும் டிடிஎல் மதிப்பை 300 வினாடிக்குக் குறையுங்கள். பெயரையே மாற்றினால் பழைய பெயரைக் குறைந்தது ஓராண்டாவது கையில் வைத்து 301-ஐ ஓடவிடுங்கள்.

எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரிக் கதவின் உட்புறம், சிலிண்டர் ரசீதுக்குப் பக்கத்தில் ஓர் அட்டை ஒட்டியிருக்கிறது: எங்கே வாங்கியது, எந்த மின்னஞ்சல், ஓடிபி எந்த சிம்முக்கு வரும், காலாவதி நாள். அக்காள் மகன் வரும்போதெல்லாம் அதைப் பார்த்துச் சிரிக்கிறான். போன மாதம் தன் தளத்துக்கும் ஒன்று எழுதித் தரச் சொன்னான்.